கம்ப்யூட்டர் ஆன் செய்ததும் தானாகத் திறக்கும் புரோகிராம்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணினிகளுக்கானவை. மேக், லினக்ஸ் பற்றிச் சுருக்கமாக முடிவுக்கு அருகில் இருக்கிறது. மெனுக்களின் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே அவற்றின் உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

நான் திறக்கவே இல்லை. இவை எப்படித் தானாகத் திறக்கின்றன?

நீங்கள் ஒரு மென்பொருளை நிறுவும்போது, "நீங்கள் லாகின் செய்ததும் என்னையும் திறக்கவும்" என்று விண்டோஸிடம் அது ஒரு குறிப்பு எழுதி வைத்துவிடுகிறது. சில மென்பொருள்கள் நிறுவும்போதே இதற்கு அனுமதி கேட்கும். பல மென்பொருள்கள் கேட்பதில்லை. கேட்டாலும், நாம் படிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டு போகும் பக்கங்களில் ஏற்கெனவே டிக் அடித்த ஒரு பெட்டியாகத்தான் அது இருக்கும்.

விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்தில் இந்தக் குறிப்பு ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற ஒரே கோப்பில் இருந்தது. அதைத் திறந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். இப்போது அப்படி இல்லை. ஸ்டார்ட்டப் ஃபோல்டர், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) 'ரன்' என்று முடியும் சில இடங்கள், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர், பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள் என்று நான்கு முக்கியமான இடங்களில் குறிப்பு இருக்கலாம். ஓரிடத்தில் நிறுத்தியும் மறுபடி வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

டாஸ்க் மேனேஜரிலிருந்து. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ் 11-இல் இடது ஓரத்தில் 'ஸ்டார்ட்டப் ஆப்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். விண்டோஸ் 10-இல் சின்னப் பெட்டியாகத் திறந்தால் கீழே 'மோர் டீட்டெயில்ஸ்' என்பதைத் தட்டி, மேலே 'ஸ்டார்ட்டப்' என்ற தாவலுக்குப் போங்கள். வேண்டாததன் மேல் வலது கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுங்கள். அவ்வளவுதான். அடுத்த முறை லாகின் செய்யும்போது அது திறக்காது.

இதையே செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்டார்ட்டப் என்ற வழியிலும் செய்யலாம். அங்கே ஒவ்வொன்றுக்கும் ஆன், ஆஃப் பொத்தான் இருக்கும். இந்தப் பக்கம் விண்டோஸ் 10-இன் 2018 ஏப்ரல் பதிப்பில் வந்தது. பழக்கமில்லாதவர்களுக்கு இது எளிது. ஆனால் நான் டாஸ்க் மேனேஜரைத்தான் சொல்வேன். அங்கேதான் வலது கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுத்து, அந்தப் புரோகிராம் எந்த ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க முடியும். தெரியாத பெயரைச் சந்திக்கும்போது அந்த ஒரு வசதி பெரிய உதவி.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவியில் இருக்கும். விண்டோஸ் 8-இல்தான் அது டாஸ்க் மேனேஜருக்கு மாறியது.

'ஸ்டார்ட்டப் இம்பேக்ட்' என்ற பத்தியில் ஹை, மீடியம், லோ என்று இருக்கிறதே, அது என்ன கணக்கு?

தொடக்கத்தில் அந்தப் புரோகிராம் பிராசஸரையும் டிஸ்க்கையும் எவ்வளவு பயன்படுத்தியது என்ற அளவு. பிராசஸரில் 1 விநாடிக்கு மேல், அல்லது டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் எடுத்தால் அது 'ஹை'. 300 மில்லி விநாடிக்கும் 300 கேபிக்கும் கீழே இருந்தால் 'லோ'. இடையில் இருப்பது 'மீடியம்'. புதிதாகச் சேர்ந்ததற்கு 'நாட் மெஷர்ட்' என்று காட்டும். அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை, இன்னும் அளக்கவில்லை என்றுதான் பொருள்.

இந்த அளவில் ஒரு குறை உண்டு. ராம் எவ்வளவு பிடித்துக்கொண்டிருக்கிறது, இன்டர்நெட்டை எவ்வளவு இழுக்கிறது என்பதை இது பார்ப்பதில்லை. 'லோ' என்று காட்டும் ஒரு புரோகிராம் நாள் முழுவதும் ராமில் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். 4 ஜிபி ராம் உள்ள கணினியில் அது நன்றாகவே உறைக்கும். ஆகவே இந்தப் பத்தியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். "இது நான் திறக்காமலே ஓட வேண்டிய தேவை இருக்கிறதா?" என்று கேட்டுப் பார்ப்பதுதான் சரியான அளவுகோல்.

எவற்றைத் தயங்காமல் நிறுத்தலாம்?

நீங்கள் தேவைப்படும்போது நீங்களே திறக்கும் எதையும் நிறுத்தலாம். ஸ்பாட்டிஃபை, ஸ்டீம், டிஸ்கார்ட், ஜூம், எபிக் கேம்ஸ், டோரண்ட் மென்பொருள்கள் எல்லாம் இந்த வகை. பாட்டு கேட்க வேண்டுமென்றால் அப்போது திறந்துகொள்ளலாம்.

டீம்ஸும் வாட்ஸ்அப்பும் உங்கள் வேலையைப் பொறுத்தவை. அலுவலகச் செய்தி உடனே வர வேண்டும் என்றால் விட்டுவையுங்கள். வீட்டுக் கணினியில் டீம்ஸுக்கு வேலை இல்லை.

அடோபி அக்ரோபாட், கிரியேட்டிவ் கிளவுட், பிரின்டர் நிறுவனங்கள் தரும் உதவி மென்பொருள்கள், லேப்டாப் வாங்கும்போதே உள்ளே வந்த விளம்பர மென்பொருள்கள், இவற்றையும் நிறுத்தலாம். பிரின்டர் மென்பொருளை நிறுத்தினால் பிரின்ட் வராதோ என்று பலர் தயங்குகிறார்கள். வரும். அச்சிடும் வேலையைப் பார்ப்பது பிரின்ட் ஸ்பூலர் என்ற விண்டோஸ் சர்வீஸ். ஸ்டார்ட்டப் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் மை எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சின்ன ஜன்னல். ஸ்கேனரில் இருக்கும் பொத்தானை அழுத்தி நேராகக் கணினிக்குப் படம் அனுப்பும் பழக்கம் இருந்தால் மட்டும், நிறுத்திய பிறகு அது வேலை செய்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் ஒன்டிரைவில் கவனம் தேவை. உங்கள் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவில் பேக்கப் ஆகிக்கொண்டிருந்தால், அதை நிறுத்தியதும் பேக்கப்பும் நின்றுவிடும். பல பேருக்குத் தங்கள் கோப்புகள் அங்கே போவதே தெரியாது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் மேகம் போன்ற சின்னத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எவற்றை நிறுத்தக் கூடாது?

ஆன்டிவைரஸை நிறுத்தாதீர்கள். 'விண்டோஸ் செக்யூரிட்டி நோட்டிஃபிகேஷன் ஐகான்' என்று இருப்பதும் அப்படியே இருக்கட்டும். அது மிகச் சிறியது, எச்சரிக்கைகளைக் காட்டுவது. லேப்டாப்பில் டச்பேட், ஆடியோ சம்பந்தப்பட்டவை இருந்தால் விட்டுவிடுங்கள். சினாப்டிக்ஸ், இலான், ரியல்டெக் என்ற பெயர்கள் அந்த வகை. அவற்றை நிறுத்தினால் இரண்டு விரலால் நகர்த்துவதோ ஹெட்ஃபோன் செருகியதை அறிவதோ நின்றுபோகலாம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க வேண்டியது: என்ஹெச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை போன்றவை பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால்தான் தமிழ் எழுத்து விழும். 'ஏதோ தெரியாத பெயர்' என்று இவற்றை நிறுத்திவிட்டு, மறுநாள் தமிழ் அடிக்க வரவில்லை என்று கீபோர்டைக் குறை சொல்பவர்கள் உண்டு. விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் தமிழ் விசைப்பலகையைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் சிடிஎஃப்மான் என்ற பெயர் எங்காவது கண்ணில் பட்டால் அதைத் தொடாதீர்கள். மொழி மாற்றி உள்ளிடுவதைப் பார்த்துக்கொள்வது அதுதான்.

ஆடிட்டர் அலுவலகங்கள், கணக்கு எழுதும் இடங்களில் இன்னொன்று. ஜிஎஸ்டி, வருமான வரித் தளங்களில் டிஜிட்டல் கையெழுத்துப் போட யூஎஸ்பி டோக்கன் செருகுவீர்கள் அல்லவா, அதன் டோக்கன் மென்பொருளும், கையெழுத்துப் போட உதவும் எம்சைனர் போன்ற மென்பொருளும் பின்னணியில் ஓட வேண்டியவை. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளில் டோக்கன் தெரியவில்லை என்று திண்டாட வேண்டாம். மாதம் ஒருமுறைதான் தேவை என்றால் நிறுத்தி வைக்கலாம். ஆனால் அந்தக் கணினியில் உட்காருபவர் எல்லோருக்கும் அதை எப்படித் திறப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

டிசேபிள் செய்தால் அந்த மென்பொருள் அழிந்துவிடுமா?

இல்லை. தானாகத் திறப்பது மட்டும்தான் நிற்கும். ஸ்டார்ட் மெனுவிலிருந்து எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். தவறாக நிறுத்திவிட்டால் அதே இடத்தில் வலது கிளிக் செய்து 'எனேபிள்' கொடுத்தால் பழையபடி வந்துவிடும். அதனால் ஒரு நேரத்தில் இரண்டு மூன்றை நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, ஒரு நாள் பயன்படுத்திப் பாருங்கள். ஏதாவது வேலை செய்யாமல் போனால் எது காரணம் என்று தேட வேண்டியிருக்காது.

நிறுத்தினேன். மறுபடியும் வந்து நிற்கிறது. ஏன்?

அதிகமாக வரும் கேள்வி இது. காரணங்கள் பல.

முதலில் அந்த மென்பொருளின் சொந்த செட்டிங்ஸைப் பாருங்கள். ஸ்டீமில் கணினி தொடங்கியதும் ஸ்டீமைத் திறக்கும் தேர்வு உண்டு. ஒன்டிரைவ், ஸ்பாட்டிஃபை, ஜூம், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் இது போன்ற ஒன்று இருக்கிறது. அங்கே டிக்கை எடுக்காமல் டாஸ்க் மேனேஜரில் மட்டும் நிறுத்தினால், சில மென்பொருள்கள் அடுத்த அப்டேட்டில் புதிய குறிப்பு எழுதிக்கொள்ளும். நான் எப்போதும் முதலில் மென்பொருளுக்குள்ளே நிறுத்தச் சொல்வேன், அப்புறம்தான் டாஸ்க் மேனேஜர்.

இரண்டாவது, பலருக்கும் தெரியாத ஒரு விண்டோஸ் வசதி. ஷட்டவுன் செய்யும்போது திறந்திருந்த சில புரோகிராம்களை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த லாகினில் விண்டோஸே மறுபடி திறக்கும். ஸ்டார்ட்டப் பட்டியலில் குரோம் இல்லவே இல்லை, ஆனாலும் திறக்கிறது என்றால் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதில் சைன்-இன் ஆப்ஷன்ஸ் போங்கள். 'ரீஸ்டார்ட்டபிள் ஆப்ஸ்' என்ற சொல் வரும் வரியைத் தேடி ஆஃப் செய்யுங்கள்.

மூன்றாவது, பிரவுசர்கள். குரோம் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதியில், குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஆப்களை ஓட்டுவது பற்றி ஒரு வரி இருக்கும். எட்ஜில் அதே போன்ற ஒன்றும், கூடவே 'ஸ்டார்ட்டப் பூஸ்ட்' என்று ஒன்றும் இருக்கும். வேண்டாம் என்றால் இவற்றை ஆஃப் செய்துவிடலாம். ஸ்டார்ட்டப் பட்டியலில் குரோம் அல்லது எட்ஜ் பெயருடன் 'ஆட்டோலான்ச்' என்று எழுதி, பின்னால் நீளமாக எண்ணும் எழுத்தும் கலந்து ஒரு வால் இருப்பதைப் பார்த்து வைரஸோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அது அந்தப் பிரவுசர்கள் தாங்களே எழுதிக்கொள்ளும் பெயர்தான்.

இவை எதுவும் இல்லையென்றால், அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

டாஸ்க் மேனேஜர் பட்டியலிலேயே பெயர் இல்லை. ஆனாலும் திறக்கிறது. எங்கே தேடுவது?

விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் 'ரன்' பெட்டியில் ஷெல்:ஸ்டார்ட்டப் என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் உங்கள் ஸ்டார்ட்டப் ஃபோல்டர் திறக்கும். அங்கே உள்ள ஷார்ட்கட்டை அழித்தால் போதும். ஷார்ட்கட்டைத்தான் அழிக்கிறீர்கள், மென்பொருளை இல்லை.

அடுத்து டாஸ்க் ஷெட்யூலர். ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தேடித் திறங்கள். இடது பக்கம் 'லைப்ரரி'யைத் தட்டினால் நடுவில் பட்டியல் வரும். 'ட்ரிக்கர்ஸ்' பத்தியில் 'அட் லாக் ஆன்' என்று இருப்பவைதான் நாம் தேடுபவை. அப்டேட் பார்க்கும் புரோகிராம்கள் இங்கே நிறைய இருக்கும். தெரிந்த, வேண்டாத ஒன்றை வலது கிளிக் செய்து டிசேபிள் கொடுக்கலாம். அதற்குள் இருக்கும் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் போய் எதையும் மாற்றாதீர்கள்.

இவ்வளவு இடத்தில் தேடுவது அலுப்பாக இருந்தால், எல்லாவற்றையும் ஒரே ஜன்னலில் காட்ட ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உருவாக்கியது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அவர்களின் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. இப்போது மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கிடைக்கிறது. வேறெங்கிருந்தும் இறக்காதீர்கள். இதை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்போது வெளியார் மென்பொருள்கள் மட்டும் மிஞ்சும். மஞ்சள் நிற வரி என்றால் அந்தக் கோப்பே இப்போது இல்லை. இளஞ்சிவப்பு என்றால் தயாரித்தவர் பெயரோ சரிபார்த்த கையொப்பமோ இல்லை. டிக்கை எடுத்தால் நிற்கும், மறுபடி போட்டால் வரும். 'டிலீட்' கொடுத்தால் திரும்ப வராது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பட்டியலில் ஒன்றுக்கு 'புரோகிராம்' என்று மட்டும் பெயர், சின்னம் வெறுமையாக இருக்கிறது. வைரஸா?

பெரும்பாலும் இல்லை. 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டர் பெயரில் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. மென்பொருள் எழுதியவர் அந்தப் பாதையை மேற்கோள்குறிக்குள் போடாமல் விட்டால், விண்டோஸ் அந்த இடைவெளியோடு நிறுத்தி, முதல் சொல்லையே பெயராகக் காட்டும். நீங்கள் நீக்கிவிட்ட ஒரு மென்பொருளின் மிச்சமாகவும் அது இருக்கலாம். மேலே பத்தித் தலைப்புகளில் வலது கிளிக் செய்து 'கமாண்ட் லைன்' என்பதைச் சேர்த்தால் முழுப் பாதையும் தெரியும்.

உண்மையிலேயே வைரஸ் என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

கோப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் தடயம். எஸ்விசிஹோஸ்ட் விண்டோஸின் சொந்தக் கோப்பு. அது வழக்கமாக சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டரின் சிஸ்டம்32-இல் இருக்கும். அதே பெயர் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் ஃபோல்டரிலிருந்து ஓடினால் சந்தேகப்படுங்கள். தயாரிப்பாளர் பெயர் இல்லாமல், அர்த்தமில்லாத எழுத்துக் கலவையைப் பெயராக வைத்துக்கொண்டு ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருப்பதும் அப்படியே.

சந்தேகம் வந்தால் டிசேபிள் செய்வதோடு நிற்காதீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். அது கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாகத் திறக்கும் முன்பே தேடும். அதனால் ஒளிந்துகொள்ள இடம் குறைவு.

சர்வீஸ்களையும் நிறுத்தினால் இன்னும் வேகமாகுமே?

இங்கே நிதானம் வேண்டும். சர்வீஸ்கள் நீங்கள் லாகின் செய்வதற்கு முன்பே ஓடத் தொடங்குபவை. வைஃபை, ஒலி, அச்சு, அப்டேட் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. "இந்த ஐம்பது சர்வீஸையும் நிறுத்துங்கள்" என்று வரும் வீடியோக்களை நம்பிச் செய்துவிட்டு வைஃபை போய், கடைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். கிடைக்கும் வேகமோ மிகக் கொஞ்சம்.

வெளியார் மென்பொருளின் சர்வீஸ் ஒன்று தொல்லை தருகிறது என்று உறுதியாகத் தெரிந்தால், அதை 'டிசேபிள்ட்' ஆக்காமல் 'மேனுவல்' ஆக்குங்கள். தேவைப்படும்போது அது எழுந்துகொள்ள வழி இருக்கும். 'ஆட்டோமேட்டிக், டிலேட் ஸ்டார்ட்' என்பதும் நல்ல தேர்வுதான். மற்றவை எழுந்த பிறகு, சுமார் இரண்டு நிமிடம் கழித்து அது தொடங்கும்.

அப்படியே இன்னொன்று. எம்எஸ்கான்ஃபிக்கில் 'நம்பர் ஆஃப் பிராசஸர்ஸ்' என்பதில் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால் கணினி வேகமாகும் என்று வெகுகாலமாக ஒரு குறிப்பு சுற்றுகிறது. அது உண்மையில்லை. அந்தப் பெட்டி சோதனைக்காகப் பிராசஸர் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்க்க உதவுவது. டிக் போடாமல் விட்டாலே விண்டோஸ் இருப்பதையெல்லாம் பயன்படுத்தும்.

இதற்கெல்லாம் ஒரு க்ளீனர் மென்பொருள் போட்டால் போதாதா?

வேண்டாம். தானாகத் திறக்கும் மென்பொருள்களைக் குறைக்க, தானாகத் திறக்கும் இன்னொரு மென்பொருளைப் போடுவதாகத்தான் அது முடியும். விண்டோஸிலேயே எல்லா வசதியும் இலவசமாக இருக்கிறது. ரெஜிஸ்ட்ரி க்ளீனர்களை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. பெயர் பெற்ற மென்பொருள் என்பதும் காப்பு அல்ல: 2017-இல் சிக்ளீனரின் 5.33 பதிப்பிற்குள் யாரோ தீய நிரலைப் புகுத்தி, அது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு கருவிக்கு ரெஜிஸ்ட்ரி வரை கை கொடுக்கும் முன் அது உண்மையிலேயே தேவையா என்று யோசியுங்கள்.

எல்லாம் நிறுத்திவிட்டேன். இன்னும் மெதுவாகத்தான் திறக்கிறது.

அப்படியானால் காரணம் ஸ்டார்ட்டப் பட்டியலில் இல்லை. உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் டிஸ்க்கின் கீழே ஹெச்டிடி அல்லது எஸ்எஸ்டி என்று எழுதியிருக்கும். ஹார்ட் டிஸ்க் என்றால், கல்யாணப் பந்தியில் ஒரே ஆள் எல்லா இலைக்கும் பரிமாறுவது போலத்தான். ஒரே முள் இங்கும் அங்கும் ஓடி எல்லாப் புரோகிராமுக்கும் எடுத்துக் கொடுக்க வேண்டும். லாகின் ஆனதும் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்பதன் காரணம் அதுதான். எஸ்எஸ்டி மாற்றுவதைப் போல் பலன் தரும் வேறு எதுவும் பழைய கணினிக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து. செலவழிக்க முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பக்கத்தில் மேலே வலது பக்கம் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று சில விநாடிகள் காட்டும் (பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன் ஓடும், கணினியின் தொடக்க நிரல்). அந்த எண் பெரிதாக இருந்தால், விண்டோஸுக்குப் பொறுப்பு வருவதற்கு முன்பே நேரம் போகிறது. செருகி விட்டுவிட்ட பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் இவற்றைக் கழற்றிப் பாருங்கள்.

இன்னொரு குழப்பம்: விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற வசதி இருக்கிறது. அது ஆன் ஆக இருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை. விண்டோஸின் உட்பகுதியை டிஸ்க்கில் சேமித்து வைத்துவிட்டு மறுநாள் அதையே எடுத்துத் தொடரும். நாள்கணக்கில் ஓடிய களைப்பும் கூடவே வரும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். அதனால் மாற்றம் செய்த பிறகு சோதிக்க எப்போதும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்ததும் டேட்டா தீர்ந்துவிடுகிறது. இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிச்சயமாக. கேம் மென்பொருள்களும் ஒன்டிரைவ் போன்றவையும் நெட் கிடைத்ததும் இறக்கவும் ஏற்றவும் தொடங்கும். அவற்றை நிறுத்துவதோடு, அந்த ஹாட்ஸ்பாட்டின் வைஃபை செட்டிங்ஸில் 'மீட்டர்டு கனெக்ஷன்' (டேட்டாவை அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்பதை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் அப்டேட்டும் அடக்கி வாசிக்கும்.

மேக், லினக்ஸ்?

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், அங்கே 'லாகின் ஐட்டம்ஸ்' என்று தொடங்கும் பகுதி. மேலே இருப்பவை லாகினில் திறப்பவை. கீழே இருப்பவை பின்னணியில் ஓட அனுமதி பெற்றவை; இரண்டையும் பாருங்கள். இந்த அமைப்பு 2022-இல் வெளிவந்த வென்சுராவிலிருந்து இருக்கிறது. டாக்கில் உள்ள சின்னத்தை வலது கிளிக் செய்து 'ஆப்ஷன்ஸ்' போனாலும் 'ஓப்பன் அட் லாகின்' டிக்கை எடுக்கலாம். உபுண்டுவில் 'ஸ்டார்ட்டப் அப்ளிகேஷன்ஸ்' என்று தேடுங்கள்.

வீட்டில் ஒரே கணினியை நான்கு பேர் தனித்தனி லாகினில் பயன்படுத்துகிறோம். ஒருவர் நிறுத்தினால் எல்லோருக்கும் நின்றுவிடுமா?

அந்தப் புரோகிராம் எங்கே குறிப்பு எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் கணக்கில் மட்டும் எழுதியிருந்தால் உங்களுக்கு மட்டும் நிற்கும்; மற்றவர்கள் அவரவர் லாகினில் தனியாக நிறுத்த வேண்டும். எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான இடத்தில் எழுதியிருந்தால், நிறுத்த அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி தேவை. நிறுத்தியதும் எல்லோருக்கும் நின்றுவிடும். பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கான மென்பொருளோ அப்பாவின் டோக்கன் மென்பொருளோ அந்தப் பொது இடத்தில் இருக்கலாம். தெரியாத பெயரை நிறுத்தும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.